அவர் முதுகு நடித்த படம்

“சாவு வீட்ல படம் பாக்குறியா? உனக்கென்ன புத்தி பேதலிச்சுப் போச்சா?”

நாத்தனார் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது, அவள் தன் மகளின் லேப்டாப்பில் படத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். காலையில் காபி குடித்துக்கொண்டிருந்த அவள் கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர்தான், எழவில்லை. இப்போது முன்னறையில் கிடத்தியிருந்தார்கள்.

“இதுல அவரு இருக்காரு அண்ணி,” என்றாள்.

நாத்தனார் லேப்டாப்பை எட்டிப் பார்த்தாள். தம்பி சினிமாவில் வேலை பார்த்தது சொந்தபந்தம் அத்தனைக்கும் தெரியும். என்ன வேலை என்றுதான் ஒருவருக்கும் விளங்கியதில்லை.

இரட்டை வேடப் படங்களில் ஒரே நடிகர் இரண்டு ஆளாக எதிரெதிரே நின்று பேசுவார் அல்லவா? பல இடங்களில் அந்த இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் முகம். கேமராவுக்கு முதுகைக் காட்டி நிற்பவர் கூலிக்கு வந்தவர். உயரம், தோள், பின்னந்தலை எல்லாம் நடிகரைப் போலவே அச்சாக அமைந்தவர். அப்படித்தான் இவர் காலத்தை ஓட்டினார். படப்பிடிப்பில் பேர் சொல்லிக் கூப்பிட்டவர் கிடையாது. “முதுகு வந்தாச்சா?” என்பார்கள்.

தொழில் வீடு வரைக்கும் வந்துவிட்டது. கல்யாணத்தில் வீடியோக்காரர் பக்கத்தில் வந்தாலே மனிதர் தன்னையறியாமல் திரும்பிக்கொள்வார். பழக்க தோஷம். காலையிலிருந்து அவளும் மகளும் இரண்டு கைபேசிகளையும் குடைந்து பார்த்துவிட்டார்கள். மகளின் பிறந்தநாளிலும் சட்டைக் காலர்தான், புது வீட்டுக்குக் குடிவந்த அன்றும் சட்டைக் காலர்தான். அவளுக்கு வேறொன்றும் வேண்டாம். எடுத்துக்கொண்டு போவதற்குள் அவர் உயிரோடு அசைவதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். மனசு அதற்குத்தான் கிடந்து தவித்தது.

படம் மனப்பிரமைத் திகில். தனியாக இருக்கும் ஒருவனுக்குத் தன்னைப் போலவே இன்னொருவன் வீட்டுக்குள் நடமாடுவதாகத் தோன்றும். நிஜமா பிரமையா என்று கடைசி வரை ஆட்டம் காட்டும். தியேட்டரே நகத்தைக் கடித்துக்கொண்டு பார்த்த நாளில் அவளுக்கு மட்டும் பயமே வரவில்லை. இருட்டில் பேய் மாதிரி நடமாடுகிறவர் தன் வீட்டுக்காரர் என்றால் எப்படிப் பயம் வரும்?

நாத்தனார் கட்டிலில் உட்கார்ந்தாள். “எதுடி என் தம்பி?”

“மூஞ்சி தெரியாதவரு. அதோ, சோபாவுல.”

“காது அவன் காதுதான். எத்தனை தடவை பிடிச்சுத் திருகியிருக்கேன்.” நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். “திரும்பவே மாட்டானா?”

“திரும்புனா சம்பளம் போயிடும் அண்ணி.”

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முன்னறைப் பக்கம் பார்த்து அவசரமாக வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

கடைசிக் கட்டம் வந்தது. ஒருவன் இன்னொருவனைக் கொன்றுவிட்டான். செத்தவன் வெள்ளைச் சட்டையோடு சுவரைப் பார்த்து ஒருக்களித்துக் கிடக்கிறான். நடிகர் பக்கத்தில் உட்கார்ந்து தலையிலடித்துக்கொண்டு அழுகிறார். இந்தக் காட்சியைப் பற்றி அவள் வீட்டுக்காரர் பீற்றிக்கொள்ளாத நாளில்லை. ஷாட் முடியும் வரை மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தாராம். “அசல் பொணம்யா நீன்னு டைரக்டரே கைதட்டுனாரு, தெரியுமா?” என்பார்.

அவள் நடிகரைப் பார்க்கவில்லை. திரையில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து அந்த முதுகையே பார்த்தாள். தோளுக்குக் கீழே சட்டை மெல்ல உப்பியது. பிறகு தணிந்தது.

“அண்ணி, மூச்சு விட்டாரு.”

நாத்தனாரும் திரையை நோக்கிக் குனிந்தாள்.

பின்னால் தள்ளி மறுபடியும் ஓட்டினாள். உப்பியது, தணிந்தது. கைதட்டின டைரக்டர் கண்ணில்கூடப் படவில்லை போல. புளுகு மூட்டை! இத்தனை வருஷம் நம்ப வைத்திருக்கிறார். கேட்டுச் சண்டை போடலாம் என்றால் ஆள் இல்லையே.

மகள் எட்டிப் பார்த்தாள். “அம்மா, வண்டி வந்துடுச்சு. உன்னைக் கூப்பிடுறாங்க.”

“வரேன்மா. கொஞ்சம் இருக்கச் சொல்லு.”

நாத்தனார் எழுந்துபோய் மகளை அணைத்து வெளியே அழைத்துச் சென்று கதவைச் சாத்தினாள். உள்ளே அவள் இன்னொரு தடவை பின்னால் தள்ளினாள். நடிகர் அழத் தொடங்கினார். வெள்ளைச் சட்டை அசையாமல் கிடந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.