எண்பத்து மூன்று டிகிரி குளிர்

ஜெர்சி சிட்டி முழுக்கத் தேடினாலும் சேனாபதியைப் போல ஸ்க்ரூடிரைவர் மோகம் பிடித்த இன்னொரு மனிதர் கிடைக்கமாட்டார். பதினெட்டு வருடமாக ஒரு வங்கிக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறவர்தான். ஆனால் வீட்டில் ஏதாவது பழுது என்றால் முகத்தில் அப்படி ஒரு களை வந்துவிடும். அவர் கைவைத்த டிஷ்வாஷர் சமையலறையைக் குளமாக்கியது. அவர் மாட்டிய ஃபேன் சுற்றத்தான் செய்தது, கூடவே கூரையும் ஆடியது. மனைவி ருக்மிணி அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: இனிமேல் எதற்கும் ஆளைத்தான் கூப்பிட வேண்டும்.

இந்த நிலைமையில்தான், டிசம்பர் குளிரில், வீட்டைச் சூடாக்கும் பாய்லருக்கு அறைச் சூட்டை அளந்து சொல்லும் வயர்லெஸ் தெர்மோஸ்டாட் உயிரை விட்டது.

"இது ஒண்ணு மட்டும் விடு, ருக்கு," என்று கெஞ்சினார். "புதுசை வாங்கி, கீழ பாய்லர் பக்கத்துல இருக்கற ரிசீவரோட கனெக்ட் பண்ணணும், அவ்ளோதான். இதுவும் சொதப்பினா டூல் பாக்ஸைத் தொடவே மாட்டேன்."

"இன்னிக்கு கார்த்திகை. நாலு குடும்பம் வருது. ஆறு மணிக்கு வீடு ஜில்லுனு இருந்துச்சுன்னா டூல் பாக்ஸ் வெளிய போயிடும்," என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை.

மதியம் இரண்டு மணிக்கெல்லாம் வேலை முடிந்தது. ரிசீவரோடு கனெக்ட் பண்ணினார், தெர்மோஸ்டாட்டை ஹால் மேஜையில் நிற்க வைத்தார், எழுபது டிகிரி ஃபாரன்ஹீட் வைத்தார். பேஸ்மென்ட்டில் பாய்லர் உறுமியது, ரேடியேட்டர்கள் சுட்டன. ஃபோனிலிருந்தே எல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆப்பையும் இறக்கிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தியபடி பொரி வாங்கக் கடைக்குப் போனார்.

ஐந்தே காலுக்குத் திரும்பினால் வீடு வெடவெடக்கிறது. ஃபோனைப் பார்த்தார். எண்பத்து மூன்று டிகிரி என்றது. வீடு கொதிக்கிறது என்று அது நம்பிக்கொண்டிருக்க, பாய்லர் எதற்கு எரியப்போகிறது?

சேனாபதி பேஸ்மென்ட்டுக்கு ஓடினார். ரிசீவரை அணைத்துப் போட்டார், மறுபடி கனெக்ட் பண்ணினார், படியில் உட்கார்ந்து மேனுவலை வரிவரியாகப் படித்தார். ஃபோன் இப்போது எண்பத்தைந்து என்றது. ருக்மிணி அடுப்படியில் அப்பம் சுட்டுக்கொண்டிருந்ததால் குளிர் அவளுக்கு உறைக்கவில்லை. அது ஒன்றுதான் ஆறுதல்.

ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே ஞானேஸ்வரன் வந்துவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், பக்கத்துத் தெரு. "என்ன சேனா, வீட்டுக்குள்ளயும் ஜாக்கெட் போட வேணுமோ?" என்று கேட்டபடி சோஃபாவில் ஒடுங்கினார்.

முடிந்தது கதை. பழுதான சாமானைப் பெட்டியில் போட்டுக் கடைக்கே திருப்பிவிடுவோம் என்று ஹால் மேஜைக்குப் போனார் சேனாபதி. அங்கே தெர்மோஸ்டாட் இல்லை. இவ்வளவு நேரமும் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்த மனுஷன், சாமானை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஹால், மாடி, குளியலறை எல்லாம் தேடிவிட்டு, சாமி அறையாக மாற்றியிருந்த சின்ன ஸ்டோர் ரூமைத் திறந்தார். பத்துப் பன்னிரண்டு அகல் விளக்குகள் சுடர்விட்டுக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே, முருகன் படத்தடியில், சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு, தலையில் ஒரு பூவோடு தெர்மோஸ்டாட் சுகமாகக் குளிர் காய்ந்துகொண்டிருந்தது.

சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடமே அந்தப் பூவைப் பார்த்தபடி நின்றுவிட்டார். அவர் தோற்கட்டும் என்று நினைத்திருந்தால் அவள் இதைக் கொண்டுவந்து சாமி காலடியில் ஏன் வைக்கப்போகிறாள்?

சத்தமில்லாமல் எடுத்து ஹால் மேஜையில் வைத்தார். சூடு இறங்கியதும் கீழே பாய்லர் உறுமியது. அடுத்த குடும்பங்கள் வந்து செருப்பைக் கழற்றும்போது ரேடியேட்டர்கள் இளஞ்சூடாகியிருந்தன.

"என்னதான் பிரச்சினை?" என்று கேட்டார் ஞானேஸ்வரன்.

"சின்ன செட்டிங்தான்."

தட்டில் அப்பத்தோடு வந்த ருக்மிணி, மேஜையில் குங்குமப் பொட்டோடு நின்ற தெர்மோஸ்டாட்டைப் பார்த்தாள். சாமி அறைப் பக்கம் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது.

சமையலறையில் அவரைத் தனியாகப் பிடித்தாள். "விளக்குச் சூடா?"

"ம்."

"எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கலாமே. தப்பு என்னோடதுதானே."

"எனக்காகத்தானே வெச்ச."

அவள் அடுப்பை அணைத்தாள், கையைத் துடைத்துக்கொண்டாள், ஹாலுக்குப் போனாள். உள்ளே இருந்தபடியே சேனாபதி கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஹீட்டிங் எல்லாம் இவரே மாத்திட்டார் அண்ணா," என்று ஞானேஸ்வரனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஆளே கூப்பிடலை. உங்க வீட்லயும் ஏதாவது இருந்தா சொல்லுங்க, அனுப்பி வைக்கிறேன்."