அரைப் பரப்புக் காணும்

சரவணையில் பக்கத்து வளவுச் சிவமலர் பத்துக் கோழிகளுக்கு அரைப் பரப்புக் காணியை வேலியடைத்தாள். நான் என்ன அவளுக்குக் குறைந்தவளா? மிளகாய்க் கன்றுகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, என் பத்துக் கோழிகளுக்கு இரண்டு பரப்பு அடைத்தேன். அவளுடைய கூட்டில் தினமும் முட்டை. என்னுடையவை தின்றதோடு சரி. வயிறு எரிந்தது. அவள் செய்வினை செய்துவிட்டாள் என்று கோயிலில் தேங்காய்கூட உடைத்தேன்.

இன்று காலை ஓலைப்பெட்டி நிறைய முட்டையோடு சிவமலர் படலை வாசலில் நின்றாள்.

"அக்கா, உங்கட கோழியள் வேலிப் பொட்டுக்குள்ளால வந்து என்ர கூட்டிலைதான் முட்டையிடுதுகள். மறைப்பில்லாத வெட்டையிலை இட அதுகளுக்குப் பயம். பத்துக் கோழிக்கு அரைப் பரப்புக் காணும், கூட வேண்டாம். உங்கட முட்டை சின்னன்தானே, பிரிச்சுக் கொண்டந்தனான்."

வாங்கிக்கொண்டேன். பாவி, களவெடுத்திருந்தாலாவது எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.