ஐந்து மஞ்சள் அட்டைகள்

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேப்பிள் மேட்டின் பொதுக்கூடத்தில் இருந்தவர்கள்: முப்பது வருஷம் பல்கலைக்கழகத்தில் நீதியைப் பற்றிப் பாடம் எடுத்து ஓய்வு பெற்ற ஹாலிஸ், மண்புழு உரம் தயாரிக்கும் கேரத், பானை வனையும் சில்வி, ஆளுக்கொரு கம்பளிக் காலுறை பின்னிக்கொண்டிருந்த லோவெல் தம்பதி, ஐடஹோவிலிருந்து நான்கு நாள் வண்டி ஓட்டி வந்த வெர்ல் ஹாட்லாக், அவன் மகள் டெசா, டெசாவின் வயிற்றில் ஆறு மாதப் பிள்ளை. அந்தக் கடைசி ஆளுக்காகத்தான் கூட்டமே.

போன வருஷம் டெசாவுடைய முதல் கரு ஐந்தாம் மாதத்தில் கெட்டுப்போனது. ஊர் டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கருவைக் கலைக்கத் தடைச் சட்டம் இருக்கிறது, வக்கீலைக் கேட்க வேண்டும் என்றார். வக்கீல் வாயைத் திறப்பதற்குள் டெசாவுக்குக் காய்ச்சல் நூற்று நான்கைத் தாண்டிவிட்டது. ஏதோ பிழைத்தாள். இந்தத் தடவை ஏதாவது கோணலானால், வக்கீலைக் கேட்காமல் கையை வைக்கிற டாக்டர் பக்கத்தில் இருக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆனால் அப்படிப்பட்ட ஊர்களிலெல்லாம் வாடகையைக் கேட்டாலே தலை சுற்றியது. மனசு விசாலமாக ஆக வீட்டு விலையும் ஏறும் போலிருக்கிறது.

தேடித் தேடி வெர்மான்ட் மாநிலத்தில் இந்த மேப்பிள் மேட்டைக் கண்டுபிடித்தாள். பதினாறு வீடுகள், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு சமையலறை, ஒரு கூடம். அதில் ஒரு வீடு வருமானம் குறைந்தவர்களுக்கென்று ஒதுக்கியது. எட்டு மாதமாகக் காலி. அதை யாருக்குக் கொடுப்பது என்று ஐந்து பேர் கொண்ட குழு முடிவு செய்யும். கூடத்தின் கதவில் ‘எல்லோரும் வருக’ என்று பதினொரு மொழிகளில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே, சாத்தினால் தானே பூட்டிக்கொண்டு எண் அமுக்கினால்தான் திறக்கிற பூட்டு. எண் தினமும் மாறும், குடியிருப்பவர்களின் கைப்பேசிக்கு வரும்.

வரும் வழியில் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டில் ‘மாடி காலி’ என்று பலகையும் தொலைபேசி எண்ணும் இருந்தன. பக்கத்திலேயே அவர்கள் ஊரில் தெருவுக்குத் தெரு பறக்கிற, அந்தச் சட்டம் கொண்டுவந்த கட்சியின் அதே கொடி. வெர்ல் வண்டியை நிறுத்தி எண்ணைக் குறித்துக்கொண்டான்.

“வேணாம்ப்பா. அந்தக் கொடிக்குப் பயந்துதானே இவ்ளோ தூரம் ஓடி வந்தோம்.”

பொதுக்கூடத்தில் செருப்பை வாசலுக்கு உள்ளே கழற்ற வேண்டும், கைப்பேசியைக் கூடையில் போட வேண்டும். வந்தவர்களுக்கு மட்டும் கைப்பேசிக்கு விலக்கு. வெர்ல் ஊரிலிருந்து கொண்டுவந்த ஜாம் பாட்டிலை மேசையில் வைத்தான்.

“சர்க்கரை போட்டதா?” என்றாள் சில்வி.

“ஜாம்ல பின்ன உப்பா போடுவாங்க?”

யாரும் சிரிக்கவில்லை. கேரத் முன்னால் சாய்ந்தான். “வெர்ல், தப்பா நினைக்காதீங்க. உங்க ஊர்ல இப்படி ஒரு சட்டம் வந்ததுல உங்க பங்கு என்னன்னு யோசிச்சுப் பாத்திருக்கீங்களா?”

“நான் வோட்டே போட்டதில்லீங்க. உருளைக்கிழங்கு ஃபேக்டரில ராத்திரி ஷிப்ட். பகல்ல தூங்குவேன்.”

“அதுவும் ஒரு பங்குதான்” என்றாள் ஹாலிஸ், மிக மென்மையாக. அந்த மென்மைக்குப் பதில் ஒரு அறை விட்டிருக்கலாம் என்று தோன்றியது டெசாவுக்கு.

பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். டெசாவின் கதை தங்களை உலுக்கிவிட்டது என்றார்கள். சில்வி அழுதேவிட்டாள். கேரத், வெர்லுடைய வண்டியின் பின்கண்ணாடியில் துப்பாக்கி மாட்டும் கொக்கியைப் பார்த்ததாகவும், அதைப் பார்த்ததும் தன் மனசு சுருங்கியதாகவும், அப்படிச் சுருங்கியதற்காகத் தன்னையே நொந்துகொண்டதாகவும் சொன்னான். அட்டை தூக்கும் நேரம் வந்தது. பச்சை என்றால் சம்மதம், சிவப்பு என்றால் மறுப்பு.

ஐந்து கைகள் உயர்ந்தன. ஐந்தும் மஞ்சள்.

வெர்ல் துள்ளி எழுந்தான். “செவப்பு ஒண்ணுகூட இல்ல! டெசா, பாத்தியா!” சொல்லிக்கொண்டே, கதவிடுக்கில் ஒரு செருப்பைச் செருகிவிட்டு வெளியே ஓடினான். டெசாவுக்கும் கண்ணில் நீர் முட்டியது. தன்மேலேயே எரிச்சலாக இருந்தது. இவர்களைப் போய்க் கண்டபடி நினைத்துவிட்டோமே. வெர்ல், வண்டியின் பின்னால் ஏற்றி வந்திருந்த மரத்தொட்டிலைக் கதவில் இடித்துக்கொண்டு தூக்கி வந்து கூடத்தின் நடுவில் வைத்தான். அதன் காலெல்லாம் வழிநெடுகப் பட்ட சேறு.

ஹாலிஸ் தொண்டையைச் செருமினாள். “மஞ்சள்னா சம்மதம் இல்ல, வெர்ல். ஒதுங்கி நிக்கிறோம்னு அர்த்தம். பாதிக்கு மேல ஒதுங்கிட்டா விண்ணப்பம் தானா விழுந்துடும்.”

“அப்ப வேணாம்னு சொன்னது யாரு?” என்றாள் டெசா.

“யாரும் சொல்லலையே!” ஹாலிஸ் உண்மையிலேயே பதறினாள். “யாரும் உங்களை மறுக்கவே இல்ல.”

பாம்பும் சாகவில்லை, கம்பும் உடையவில்லை. ஐந்து பேர் முகத்திலும் வீட்டுப்பாடம் முடித்த பிள்ளைகளின் நிம்மதி. ஹாலிஸ் வெண்கல மணியை ஒரு தட்டுத் தட்டினாள். முடிவுக்குப் பின் பத்து நிமிஷம் மௌனமாம். யாரும் எழுந்திருக்கக் கூடாது, எதற்கும் பதில் சொல்லக் கூடாது. கண்களை மூடிக்கொண்டார்கள். பின்னிக்கொண்டிருந்த லோவெல்கள்கூட ஊசிகளைக் கீழே வைத்தார்கள்.

டெசா ஜாம் பாட்டிலை எடுத்துக்கொண்டாள். வெர்ல் தொட்டிலைத் தூக்கினான்.

வண்டிக்குள் வெர்ல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். “இப்ப என்னம்மா பண்றது?”

“பாலத்துக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாநிலந்தானே?”

“ஆமா.”

“ஒரே ஆஸ்பத்திரிதானே?”

“ஆமா.”

“அந்த நம்பரைக் குடு.”

மறுமுனையில் ஒரு கிழட்டுக் குரல். “நாய் இருக்கா?”

“இல்ல.”

“புருஷன்?”

“அதுவும் இல்ல. வயித்துல பிள்ள இருக்கு.”

“பொறந்தா கத்தும். கத்தட்டும், காது மிஷினைக் கழட்டி வெச்சிடுவேன். மாடிக் குழாய் ஒழுகும், நான் சரி பண்ண மாட்டேன். வேணும்னா வா, வேணாம்னா வேற ஆள் இருக்கு.”

“வரேன்.”

அன்றைக்கு அடுத்தவர் வாயிலிருந்து ‘வேணாம்’ என்ற சொல் இப்போதுதான் வந்தது. கேட்க நன்றாக இருந்தது. அந்தக் கிழவனை அவளுக்குப் பிடிக்கப் போவதில்லை. பிடிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

வெர்ல் சாவியைத் திருகும்போது கூடத்தின் கதவு திறந்தது. மணி அடித்த ஹாலிஸே மௌனத்திலிருந்து நழுவி வந்திருந்தாள். வெறும் காலுறையோடு, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏப்ரல் மாத மழை சரிந்து விழுந்துகொண்டிருந்தது.

“டெசா! நீங்க இதை மனசுல வெச்சுக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. எனக்கு ராத்திரி தூக்கம் வராது.”

டெசா கண்ணாடியை இறக்கினாள். “நான் ஒதுங்கி நிக்கிறேன்.”

“என்ன? காதுல விழலை!”

ஹாலிஸ் கதவை விட்டுவிட்டுச் சேற்றில் இரண்டடி இறங்கி வந்தாள். காற்று, அவள் கைப்பேசியைக் கூடையோடு உள்ளே வைத்து, கதவை அறைந்து சாத்தியது. பூட்டு ஒருமுறை கீச்சென்று கத்தி, அவள் முதுகுக்குப் பின்னால் பூட்டிக்கொண்டது.