மூன்று தகடுகளில் ஒரு கடற்போர்

அண்ணன் அனுப்பிய மூன்று தட்டையான பெட்டிகள் வந்தபோது வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். பிரித்தேன். உள்ளே சுவரில் மாட்டுகிற அலுமினியத் தகடுகள். பழைய காலத்துக் கடற்போர்ப் படங்கள். ஒன்றில் பாய் விரித்துக் கம்பீரமாக ஒரு கப்பல், தூரத்தில் இன்னொன்று. அடுத்ததில் ஒரு கப்பல் நடுவயிறு பிளந்து எரிகிறது. மூன்றாவதில் தண்ணீருக்கு மேல் ஒரு பாய்மர நுனி மட்டும். கூட ஒரு வரி எழுத்து இல்லை. பதினான்கு மாதமாக என் வீட்டு வாசலை மிதிக்காதவன், போயும் போயும் ஒரு போரையா அனுப்புவான்? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

சண்டை ஒரு அலமாரிப் பலகையால் வந்தது. அண்ணன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான். மிச்ச நேரத்தில் குச்சியும் பசையுமாக உட்கார்ந்து சின்னச் சின்னப் போர்க்கப்பல்கள் செய்வான். அவற்றை வைக்க அவன் வீட்டுச் சுவரில் என் வீட்டுக்காரர் ஒரு பலகை அடித்துக் கொடுத்தார். இவர் லிஃப்ட் மெக்கானிக். ஒன்பதாம் நாள் பலகை பதினோரு கப்பல்களோடு கீழே விழுந்தது.

"இவர் பாக்குற லிஃப்ட்ல இனிமே நான் ஏற மாட்டேம்பா" என்றான் அண்ணன், சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும்.

அடித்திருந்தால்கூட இவர் தாங்கியிருப்பார். "ஆறு ஸ்க்ரூ போட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். அதன் பிறகு சாப்பிடும்போது, சட்டை போடும்போது, சம்பந்தமே இல்லாமல், "ஆறு ஸ்க்ரூ போட்டேன்" என்பார். நானும் தலையாட்டுவேன்.

தகடுகள் வந்த அன்று சாயங்காலம் அவற்றைப் பார்த்ததும் இவர் முகம் கறுத்தது.

"கிண்டல் பண்றாரு உங்க அண்ணன். ஆணியே வேணாமாம், பாத்தியா? பின்னாடி காந்தம். சுவத்துல இரும்பு வில்லையை ஒட்டினா தானே புடிச்சுக்குமாம். எனக்குன்னே தேடிப் புடிச்சு வாங்கியிருக்காரு."

"நம்ம கஷ்டப்பட வேணாம்னு நெனச்சிருக்கலாம்ல?"

"அப்ப இந்த எரியிற கப்பல் யாரு? நான். இன்னொண்ணுல நெஞ்சை நிமித்திக்கிட்டு நிக்குதே, அது அவரு."

அந்த நேரத்தில் என் போனுக்கு அண்ணனிடமிருந்து செய்தி வந்தது: 'ஞாயிறு வரேன்.' அவ்வளவுதான். சமாதானம் பேசவா, மிச்சத்தையும் உடைக்கவா? ஞாயிறும் இவர்கள் முட்டிக்கொண்டால் எனக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இருக்காது. அந்தப் பயத்தில் வாரம் முழுக்கக் குழம்பிக்கொண்டே திரிந்தேன்.

இவருக்கு வீம்பு. "வந்து பாக்கட்டும்" என்று ரசமட்டம் வைத்து, பென்சிலால் கோடு போட்டு, கூடத்துச் சுவரில் மூன்றையும் மாட்டினார். முதலில் எரியும் கப்பல், நடுவில் கம்பீரக் கப்பல், கடைசியில் பாய்மர நுனி. மயிரிழை சாயவில்லை.

ஞாயிறு காலை லிஃப்ட் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அண்ணன் வெளியே வந்தான். லிஃப்டிலா வந்தான்? எங்கள் கட்டடத்து லிஃப்டைப் பார்ப்பது இவர்தான் என்று அவனுக்குத் தெரியும். எனக்கு இன்னும் குழம்பியது.

உள்ளே வந்தவன் சுவரைப் பார்த்து நின்றுவிட்டான்.

"என்ன மாப்பிள்ளை, வரிசையை மாத்தி மாட்டியிருக்கீங்க?"

"எப்படி மாட்டினாலும் அடி வாங்கினது நான்தானே" என்றார் இவர்.

"கொடியைப் பாருங்க மாப்பிள்ளை. மூணுலயும் அதே சிவப்புக் கோடு போட்ட கொடி. மூணும் ஒரே கப்பல்."

அண்ணன் முதல் இரண்டு தகடுகளையும் கழற்றி இடம் மாற்றி வைத்தான். இப்போது கம்பீரமாக நின்ற கப்பல்தான் எரிந்தது, அதுதான் மூழ்கியது. உற்றுப் பார்த்தால் எதிரிக் கப்பல் மூன்றிலும் தூரத்திலேயே நின்றது. அதன் பீரங்கி வாயில் புகைகூட இல்லை.

"யாரும் சுடலை. அதோட வெடிமருந்து அதுக்குள்ளயே வெடிச்சிடுச்சு" என்ற அண்ணன், சட்டைப் பையிலிருந்து இரண்டு ஸ்க்ரூக்களை எடுத்து மேசையில் வைத்தான். "உங்க பலகையில வச்ச பெரிய கப்பலோட பாய்மரம் மேல கூரையில இடிச்சுது. பலகையைக் கொஞ்சம் இறக்கலாம்னு முதல்ல ஒரு பக்கத்துத் தாங்கியிலிருந்து இதைக் கழட்டினேன். போன் வந்துச்சு, மறந்துட்டேன். பலகை விழுந்த அன்னிக்கு சாயங்காலமே ஞாபகம் வந்துச்சு. சொல்ல வாய் வரலை. தப்பு என்னோடது, மாப்பிள்ளை."

இவர் இரண்டு ஸ்க்ரூக்களையும் உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். "உக்காருங்க மச்சான்" என்றார். அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் என் பக்கம் திரும்பினார்.

"ஆறுன்னு சொல்லிக்கிட்டே இருந்தேனே, நீ நம்புனியா?"

பதினான்கு மாதம் தலையாட்டிய எனக்கு அப்போது தலை ஆடவில்லை. அண்ணனுக்கும் இவருக்கும் நடுவில்தான் சண்டை என்று நினைத்துக்கொண்டிருந்தேனே!

"இல்லீங்க" என்றேன். சொன்னதும் வெட்கமாக இருந்தது.

அண்ணன் மாற்றி வைத்ததில் ஒரு தகடு லேசாகச் சாய்ந்திருந்தது. இவர் ரசமட்டத்தை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"இந்தா. இந்தத் தடவை நீயே பாத்துச் சொல்லு."