படிக்கட்டு வளைவு

வண்டி வந்து வாசலில் நின்ற சத்தம் கேட்டதும் அவர் சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நாற்காலியைத் தரதரவென்று இழுத்து வந்து, படுக்கையறைக் கதவுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்துகொண்டார். உள்ளே கட்டிலில் அவருடைய மனைவி கிடந்தாள். விடிகிற நேரத்தில் உயிர் பிரிந்திருந்தது. குளிப்பாட்டி, அவளுக்குப் பிடித்த நீல உடையை உடுத்தி, தலைவாரி, எல்லாம் ஆயிற்று. மாடியிலிருந்து கீழே இறக்க வேண்டியதுதான் பாக்கி.

"அப்பா, வண்டி வந்துடுச்சு."

"வந்தா நிக்கட்டும்."

"எவ்வளவு நேரம்ப்பா நிக்கும்?"

"அது வண்டிக்காரன் கவலை."

மகன் தலையில் கை வைத்துக்கொண்டான். அப்பாவின் சங்கதி அவனுக்குப் புதிதல்ல. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவருக்குப் 'பிரேக்' என்று பெயர். ஓடுகிற எதையும் ஒரே அழுத்தில் நிறுத்திவிடுவார் என்று யாரோ வைத்தது. வைத்தவன் யாரென்று மறந்துபோயிற்று, பெயர் மட்டும் பசை போட்டதுபோல ஒட்டிக்கொண்டது. வீட்டிலும் அதே கதைதான். புது அடுப்பு வந்தபோது ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். கட்டிலைத் திருப்பிப் போட்டதற்கு ஹாலில் போய்ப் படுத்தார்.

ஆனால் இன்றைக்கு அவர் பிடித்த பிடிவாதம் அந்த ரகமில்லை. அவர் கண்ணுக்குள் படிக்கட்டு வளைவு நின்றது. முன்பு மேல்வீட்டுப் பெரியவர் செத்து உடலைக் கீழே இறக்கியபோது இவரும் மனைவியும் கதவோரம் நின்று பார்த்திருந்தார்கள். அந்த வளைவில் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. தூக்கினவர்கள் அதை நெட்டுக்குத்தாக நிமிர்த்தினார்கள். பெல்ட்டில் மாட்டிய மனிதர் பிணமாக நின்றார், தலை ஒரு பக்கம் தொங்கிற்று. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஐயோ, என்னை இப்படி இறக்கிடாதீங்க" என்றாள். "சீ, பேச்சைப் பாரு" என்று அதட்டிவிட்டு அவர் கதவைச் சாத்தினார். சரி என்று சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாமென்றால் அவள் கேட்கிற நிலையில் இல்லை.

ஏன் மறிக்கிறாய் என்று யாராவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ. ஒருவரும் கேட்கவில்லை. அவராக வாயைத் திறந்து சொல்லவும் நா எழவில்லை.

மகன் விரல்விட்டுக் காரணங்களை அடுக்கினான். வெயில் ஏறுகிறது, சொந்தக்காரர்கள் மயானத்துக்குப் போய்க் காத்திருக்கிறார்கள், தாமதமானால் அடுத்தவர்களுக்கு இடம் கொடுத்துவிடுவார்கள். ஒவ்வொன்றும் நியாயம்தான். இவருக்குப் பழைய மேனேஜர் ஞாபகம் வந்தது. சலவைக்கூடத்துக்குப் புது மெஷின் வரப்போகிறது என்று சொல்ல அந்த மனுஷனும் இப்படித்தான் விரல்விட்டு எண்ணினார். துணி சீக்கிரம் காயும், தண்ணீர் மிச்சம், கை புண்ணாகாது. பேச்சு முடிந்ததும் கேக்கும் டீயும் கொடுத்தார்கள். கேக்கைத் தின்றுவிட்டு எல்லாரும் துணி துவைக்கிற பழைய டிரம்முக்கே திரும்பிப் போனார்கள்.

பிறகு அண்ணன் வந்தார். அவருக்குக் காரணமெல்லாம் பழக்கமில்லை, உத்தரவுதான்.

"டேய், எழுந்திருடா. பெரியவன் சொல்றேன்ல?"

"நீ பெரியவன்தான். யார் இல்லைன்னா?"

"அப்ப எழுந்திரு!"

"மாட்டேன்."

அண்ணன் கதவு நிலையில் ஒரு தட்டு தட்டிவிட்டு ஹாலுக்குப் போனார். அங்கே சலவைக்கூடத்துப் பழைய ஆட்கள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். டிரம்முக்குச் சோப்பு அளந்து போட்ட 'சோப்பு', பெரிய இஸ்திரி ரோலரைக் கட்டி மேய்த்த இஸ்திரியம்மா, இன்னும் சிலர். "விடுங்க, பிரேக் பிடிச்சா லேசுல விடாது" என்று சோப்பு மெதுவாகச் சொல்ல, இஸ்திரியம்மா அந்தத் துக்கத்திலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். அப்புறம் சிரித்ததற்காக அழுதாள்.

அந்தச் சிரிப்பு அவர் காதில் விழுந்தது. பழைய சலவைக்கூடம் அப்படியே எழுந்து வந்தது. ஆவியும், சோப்பு நெடியும், ஈர விரிப்புகளின் கனமும், டிரம் உருளும்போது பாதத்தில் ஏறுகிற அதிர்வும். எவ்வளவு நல்ல காலம் அது! கை வெந்த காலம், இடுப்பு ஒடிந்த காலம், இருந்தாலும் நல்ல காலம்.

புது மெஷின்கள் புதுக் கட்டடத்தில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடந்தன. "தொட மாட்டேன்" என்று அவர் சொன்னார். அவர் தொடாததால் வேறு யாரும் தொடவில்லை. மேனேஜர் நோட்டீஸ் ஒட்டினார். சோப்பு அதைக் கிழித்துச் செருப்புக்கு அடியில் வைத்துக்கொண்டான். அப்புறம்தான் ஆபீஸிலிருந்து அவளை, இன்றைக்கு உள்ளே கட்டிலில் கிடக்கிறவளை, அனுப்பினார்கள்.

அவள் ஒரு கையில் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். டிரம்களுக்கு நடுவில் போட்டு உட்கார்ந்தாள்.

"என்னம்மா, இன்னைக்கும் கேக்கா?" என்றான் சோப்பு.

"கேக் இல்ல. பேச்சும் இல்ல. திட்டணும்னு தோணுறதையெல்லாம் திட்டிடுங்க. மெஷினை, மேனேஜரை, என்னை, யாரை வேணும்னாலும். குறுக்கே பேச மாட்டேன்."

முதலில் யாரும் நம்பவில்லை. இஸ்திரியம்மாதான் தொடங்கினாள். தொடங்கியவள் லேசில் நிறுத்தவில்லை. மேனேஜரின் பாட்டன் பூட்டன் வரைக்கும் போய்வந்தாள். சோப்பு தன் பங்குக்கு, "மெஷினே சோப்பை உறிஞ்சிக்குமாமே, அப்ப நான் என்ன, நின்னு விசிறவா?" என்று கத்தினான். ஆபீஸ்காரி ஸ்டூலில் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாளும் வந்தாள். கோபமெல்லாம் கொட்டித் தீர்ந்த பிறகு அடியில் கிடந்தவை சின்னச் சின்ன விஷயங்கள். இஸ்திரியம்மாவுக்கு மெஷின் திரையில் ஓடுகிற எழுத்தைப் படிக்க வராது, அதுதான் பயம். சோப்புக்குத் தன் வேலை போய்விடுமென்ற பயம். இன்னொருவருக்கு எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்ட பெஞ்சு அங்கே இருக்காதே என்ற வருத்தம். அவள் எல்லாவற்றையும் கொண்டுபோய் மேலே கேட்பாள். கிடைத்ததைக் கிடைத்தது என்று சொல்வாள். கிடைக்காததை வந்து முகத்துக்கு நேரே, "இது நடக்காதுங்க" என்பாள். சர்க்கரை தடவ மாட்டாள்.

இவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஒருநாள் ஸ்டூல் இவருடைய டிரம் பக்கம் நகர்ந்தது.

"நீங்க மட்டும் திட்டவே இல்லையே?"

"எனக்குத் திட்ட வராது."

"அப்ப கேளுங்க. என்ன வேணும்?"

"ஜன்னல்."

"ஜன்னலா?"

"இங்க என் டிரம்முக்குப் பக்கத்துல ஜன்னல் இருக்கு. அங்க இல்ல. எனக்குக் காத்து வேணும்."

அவள் போய் எஞ்சினியரோடு மல்லுக்கட்டினாள். முகம் வாடித் திரும்பி வந்தாள். "ஜன்னல் வைக்க முடியாதாம். அந்தச் சுவத்துல கை வெச்சா கட்டடமே ஆடுமாம். ஆனா உங்க மெஷினை வாசல் பார்த்த மாதிரி திருப்பி வெக்க ஒத்துக்கிட்டாங்க. போதுமா, போதாதா, நேரா சொல்லிடுங்க."

"போதும்" என்றார். மறுநாள் காலையில் பிளாஸ்டிக் உறையை அவரே கிழித்தார்.

கல்யாணம் ஆன பிறகுதான் உண்மையைச் சொன்னார். காற்றாவது, கத்தரிக்காயாவது. அந்த ஜன்னல் வழியாகத்தான் ஆபீஸ்காரி தினம் தலைக்கு மேல் ஃபைலைப் பிடித்துக்கொண்டு வெயிலில் முற்றத்தைக் கடப்பது தெரியும். கேட்டதும் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பாவி மனுஷா, இதுக்கா நான் அந்த எஞ்சினியர்கிட்ட அவ்வளவு பேச்சு வாங்கினேன்? முதல்லயே சொல்லியிருந்தா ரெண்டு நடை கூட நடந்திருப்பேனே!"

முதலிலேயே சொல்வது அவர் ஜாதகத்திலேயே இல்லை. அவரிடமிருந்து ஒன்றைப் பிடுங்க அவளுக்கு மட்டும்தான் வித்தை தெரியும். இனி யார் வந்து பிடுங்குவார்கள்?

மருமகள் ஒரு தம்ளர் தண்ணீரோடு வந்தாள். கொடுத்துவிட்டுப் போய்விடாமல் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். அழுது அழுது அவள் மூக்கு சிவந்திருந்தது.

"மாமா, நான் இந்த வீட்டுக்கு வந்த புதுசுல சமையல்கட்டு அலமாரிக்காக அத்தையோட முட்டிக்கிட்டேனே, தெரியுமா?"

"ம்."

"நான் முகம் கொடுத்துப் பேசவே இல்ல. அத்தைதான் வந்து, 'முதல்ல என்னை நல்லா திட்டிடு, அப்புறம் அலமாரியைப் பார்க்கலாம்'னாங்க. நான் நிஜமாவே திட்டிட்டேன்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்களும் எங்களைத் திட்டிடுங்க மாமா."

அவர் தண்ணீரைக் கீழே வைத்தார். "திட்டுறதுக்கு என்ன இருக்கு?" என்றார். அப்புறம் மடை திறந்தது. அம்மாவைக் கிடத்திவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்க்கிற மகனைத் திட்டினார். இழவு வீட்டில் கதவைத் தட்டுகிற அண்ணனைத் திட்டினார். ஹாரன் அடித்த வண்டிக்காரனை, வழவழவென்று பேசிய டாக்டரை, ஒருவரையும் விடவில்லை. மருமகள் குறுக்கே பேசவில்லை.

"எல்லாரையும் விட இவளைத்தான் திட்டணும்!" அவர் குரல் உடைந்தது. "ஊர்ல இருக்கிறவங்களையெல்லாம் கேட்டுக் கேட்டுச் செஞ்சா. என்னை ஒரு வார்த்தை கேக்காம போயிட்டா பாரு."

அழுதார். இத்தனை நேரமும் வராத அழுகை தோளைக் குலுக்கிக்கொண்டு வந்தது. மருமகள் அப்படியே இருந்தாள். அது அடங்கியதும்தான் கேட்டாள்.

"உங்களுக்கு எது பிடிக்கல மாமா?"

"அந்தப் படி," என்றார். "அந்த வளைவுல இவளை நிமிர்த்தி நிக்க வெச்சுடுவாங்க. மேல்வீட்டுக்காரரைச் செஞ்ச மாதிரி. தலை தொங்கும். அவ வேண்டாம்னு சொன்னா."

'அதெல்லாம் ஆகாது மாமா' என்று அவள் சொல்லவில்லை. எழுந்து படிக்கட்டுக்குப் போனாள். கீழே வண்டிக்காரரோடு பேசுவது கேட்டது. திரும்பி வந்து பழையபடி எதிரே உட்கார்ந்தாள்.

"பார்த்துட்டேன் மாமா. ஸ்ட்ரெச்சர் படுத்த வாக்குல அங்க திரும்பாது. நிமிர்த்தித்தான் ஆகணும். வண்டிக்காரரும் அதான் சொல்றார்."

அவர் தலையாட்டினார். பொய் சொல்லாததே பாதி ஆறுதலாக இருந்தது.

"ஆனா கெட்டியான விரிப்புல வெச்சுத் தூக்கினா திருப்பலாமாம். நாலு மூலைக்கும் நடுவுக்கும் ஆள் வேணும், எல்லாரும் ஒரே மாதிரி இறங்கணும்ங்கிறார்."

ஹாலில் சோப்பு ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தான். "ஈர விரிப்பு மூட்டையை அந்தக் காலத்துல எத்தனை தூக்கியிருப்போம். இதுக்கு வெளியாள் எதுக்கு?" என்றான். இஸ்திரியம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே கையை மடித்துவிட்டாள்.

பிரேக் நாற்காலியிலிருந்து எழுந்தார். "மெல்லிசு தாங்காது. பீரோவுல மேல் தட்டுல கெட்டி வெள்ளை விரிப்பு இருக்கு, அதை எடும்மா," என்றார். பிறகு, "தலைமாட்டுல நான்" என்றார். நாற்காலியை அவரே ஓரமாக நகர்த்தி வைத்தார்.

விரிப்பை அவளுக்கு அடியில் நுழைத்தார்கள். ஓரத்தை உள்பக்கமாகச் சுருட்டி மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டால் நழுவாது என்று சோப்பு மகனுக்கும் அண்ணனுக்கும் காட்டினான். அண்ணன் மறுபேச்சில்லாமல் சுற்றிக்கொண்டார். "தூக்கு" என்றார் இவர். அவ்வளவு கனமில்லை. கடைசி மாதங்களில் அவள் பாதியாகியிருந்தாள்.

கால்மாடு முதலில் இறங்கிற்று. "இறங்கு… நில்லு… இறங்கு." வளைவில் கீழே நின்றவர்கள் விரிப்பைத் தோள் உயரத்துக்கு ஏந்த, மேலே அவர் முழங்கால் படியில் இடிக்கும்வரை குனிந்தார். அவள் தலை அவருடைய முன்கையில் இருந்தது. சுவரோடு சுவராக ஒட்டி நின்று அங்குலம் அங்குலமாகத் திருப்பினார். சட்டை சுவரில் உரசிக் கிழிந்தது. அவள் தலை அசையவில்லை. படுக்கையில் படுத்திருப்பதுபோலவே வளைவைக் கடந்தாள்.

"அவ்வளவுதான். வந்துட்டோம்" என்றார். யாரிடம் சொன்னார் என்று மகன் பார்க்கவில்லை.

வண்டிக்குள் அவளை நகர்த்திக் கிடத்திவிட்டு, விரிப்பை உருவி வெளியே கொடுத்தார்கள். இஸ்திரியம்மா உள்ளே ஏறிக் கால்மாட்டில் உட்கார்ந்தாள். அண்ணன் வேட்டுப் போட்டதுபோல மூக்கைச் சிந்தினார். மகன் வண்டிக்காரரிடம் வழி சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஏறுங்கப்பா, போகலாம்."

"இரு. இதைக் கசங்கலா வெச்சுட்டா எப்படி?"

அவர் விரிப்பை ஒரு உதறு உதறினார். இரண்டு மூலைகளைத் தேடிப் பிடித்தார். கைகளை அகல விரித்து, மடிக்கத் தயாராக நின்றார். வீட்டில் எப்போதும் அவள் பிடிக்கிற மறுபக்கத்து மூலைகள் தெருவில் கிடந்தன. யார் போய் எடுப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.