மஞ்சள் வராத குழி

ஆராய்ச்சி மாணவி லூர்துராணி, தன் ரத்த அணுக்களையும் சாகத் தெரியாத புற்றுநோய் அணுக்களையும் ஒட்டவைத்து உண்டாக்கிய கலப்பு அணுக்கள் அவை. தட்டுகளில் இருந்த எண்ணூறு குழிகளில் ஒரே ஒரு குழிதான் டெட்டனஸுக்கு எதிர்ப்புப் பொருள் சுரந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தீனித் திரவத்தை மாற்றாவிட்டால் அதுவும் போய்விடும். பெரிய வெள்ளி, அக்கா கல்யாணம் எதுவும் அந்தச் சனியனுக்குத் தெரியாது. மூன்று வருஷமாக அவள் திருச்சியைத் தாண்டவில்லை.

1985-இல் வேலூர்க் கல்லூரியில் வேலை கிடைத்தது. சேர ஒரு மாத அவகாசம்.

“உறைய வச்சுட்டா தீனி வேண்டாம். அணுக்களை உறைய வச்சு எழுப்பிப் பாரும்மா. அப்பவும் சுரந்தா, அன்னிக்கே உன் ஆய்வேட்டுல கையெழுத்துப் போட்டு அனுப்பிடுறேன்” என்றார் பேராசிரியர் தைரியராஜ்.

உறைய வைக்கும் திரவ நைட்ரஜன், மாட்டாஸ்பத்திரியில் காளை விந்து வைக்கும் கேனில்தான் இருந்தது. “ஜெர்சிக்குப் பக்கத்துலயே வச்சிருக்கேங்க, பயப்படாம போங்க” என்றார் அங்கிருந்த பிச்சமுத்து. நாலு நாள் கழித்து எடுத்து எழுப்பினாள். பிழைத்தன, பெருகவும் செய்தன. சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், சேரக் கடைசி நாளான திங்கட்கிழமை காலைக்குள் வேலூர் சேரும் பஸ்ஸை விசாரித்து வந்தாள்.

சனிக்கிழமை சோதனை. சுரந்தால் குழி மஞ்சளாகும். உறைய வைக்காத பழைய அணுக்களின் குழி மஞ்சளானது. பக்கத்துக் குழி வெறும் தண்ணீராகவே இருந்தது. உயிரோடு வந்தவை வேலையை மறந்துவிட்டிருந்தன.

தைரியராஜ் பேனாவைத் திறந்துகொண்டே வந்தார். மஞ்சள் குழியைக் காட்டி, “இதுதானே எழுப்பினது?” என்றார்.

தலையை ஆட்டினால் போதும். பாழாய்ப்போன வாய் கேட்கவில்லை.

“இல்ல சார். அது பழசு. எழுப்பினது பக்கத்துல இருக்கு.”

அவர் பேனாவை மூடினார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு, வேலூரில் கையெழுத்துப் போட வேண்டிய நேரத்தில், அவள் பழைய குழிக்குத் தீனி மாற்றிக்கொண்டிருந்தாள். பதினைந்து நாளில் வேலூரில் வேறு ஆள் சேர்ந்தாயிற்று. அதற்கடுத்த சோதனையில் பழைய குழியிலும் மஞ்சள் வரவில்லை.

“விடும்மா. ரத்தம் உன்கிட்டதானே இருக்கு” என்றார் தைரியராஜ். “இன்னிக்கே ஒரு டெட்டனஸ் ஊசி போட்டுக்க. அடுத்த வாரம் ரத்தம் எடுத்து மறுபடியும் ஒட்டவச்சுக்கலாம்.”

லூர்துராணி போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தாள்.