குட்டிகளுக்குச் சாப்பாடு

அன்று காலை செருப்பை மாட்டிக்கொண்டே கணவன் கடைசியாகச் சொன்னது குடுவையைப் பற்றித்தான். "மீட்டிங் இழுத்துடும். குட்டிங்களுக்குச் சாப்பாடு நீயே போட்டுடு." அவளும் அவனுடைய ஆய்வகத்திலேயே வேலை பார்ப்பவள், தலையாட்டினாள். பதினோரு மணிக்கு, மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்தவன் நாற்காலியிலேயே சரிந்து இறந்துபோனான்.

குட்டிகள் என்பவை பாக்டீரியா. தண்ணீரில் ஈயம் கலந்திருந்தால் பச்சையாக ஒளிரும்படி அவற்றுக்குள் ஒரு மரபணுவைச் சேர்த்திருந்தான். தினமும் பழைய குடுவையிலிருந்து ஒரு சொட்டு எடுத்துப் புதுக் கரைசலில் விட வேண்டும். விடாவிட்டால் பட்டினியில் மெல்லச் சாகும். எல்லாரும் செய்வதுபோல, வருடக்கணக்கில் கெடாமலிருக்க ஒரு பங்கை உறையவைக்கச் சொல்லி அவள் எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறாள். "உயிருள்ளதோட வேலை பாக்குறவன் அதுகூடவே நடக்கணும். பெட்டியில போட்டு வைக்க நான் என்ன பிணவறையா நடத்துறேன்?" என்று சிரிப்பான். அவன் போன பிறகு உறையவைக்க அவளுக்கே கை வரவில்லை. இரண்டு மாதமாக, ஞாயிறு என்றும் காய்ச்சல் என்றும் பாராமல், ஆய்வகத்தின் ஜன்னல் இல்லாத அறைக்கு வந்து போகிறாள்.

இன்று நாத்தனார் காரோடு ஆய்வக வாசலுக்கே வந்துவிட்டாள்.

"அண்ணி, பத்து நாள் எங்க வீட்ல வந்து இருங்க. அண்ணன் உங்கள கட்டிக்கிட்டானா, இல்ல பாட்டிலுக்குக் காவல் வச்சானா?"

"பத்து நாள் தாங்காதும்மா அதுங்க."

"நீங்க தாங்குவீங்களா?"

அரை மணி கேட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். ஒரு பங்கை உறையவைத்துவிட்டுக் கிளம்பிவிடலாம். அதற்கு முன் சரிபார்க்க வேண்டுமே என்று முந்தின நாள் நாத்தனார் போனில் அழைத்தபோதே குட்டிகளோடு ஈயம் கலந்து வைத்திருந்த சோதனைக் குழாயை நீல விளக்கின் கீழ் பிடித்தாள். ஒளிரவில்லை. இன்னொரு குழாய். அதுவும் இல்லை.

"நாம ஏத்துன ஜீன் அதுக்குப் பாரம். தேவையில்லேன்னா இறக்கி வச்சிட்டுப் போயிடும். குத்தம் சொல்லக் கூடாது" என்று அவன் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் சொல்வான். எப்போது இறக்கி வைத்தனவோ. போன வாரமா, அவனை எரித்த வாரத்திலேயேவா? இத்தனை நாள் அவள் சோறு போட்டது எங்கும் கிடைக்கிற வெறும் பாக்டீரியாவுக்கு. இனி அவளைப் பிடித்துவைக்க இங்கே ஒன்றும் இல்லை. வேண்டாத பாக்டீரியாவைக் கொன்று கொட்டுவதற்கான பிளீச் புட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதன் மூடியைத் திருகினாள்.

வெளியே ஹாரன் இரண்டு முறை ஒலித்தது.

மூடியைத் திரும்ப இறுக்கினாள். புதுக் குடுவை எடுத்தாள், ஒரு சொட்டு விட்டாள், அவை வளரும் சூட்டுப் பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். பெட்டியின் முகப்பில் சிவப்பு எழுத்தில் முப்பத்தேழு டிகிரி, உயிருள்ள உடம்பின் சூடு, என்றே இருந்தது.